சடைமுடிக்கு மினாக்ஸிடில் நுரை: பயன்படுத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

முடி தானாகவே கயிறு கயிறாகத் திரண்டு பிணைந்து நிற்கும் சடைமுடியை (ட்ரெட்லாக்ஸ்) வளர்த்திருப்பவர்களில் பலர், உச்சந்தலையில் முடி மெலிவது தெரிந்த பிறகும் அதற்கான மருந்தை வாங்கத் தயங்குகிறார்கள். தலையில் தடவும் மருந்துகள் எல்லாம் சீப்பு ஓடும் தலைக்காகவே செய்யப்பட்டவை, சடைக்குள் புகுந்த எதுவும் எளிதில் வெளியே வராது என்ற எண்ணம் அவர்களிடையே வலுவாக இருக்கிறது. அந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. தோளைத் தாண்டி வளர்ந்த சடைகளோடு 5 சதவீத மினாக்ஸிடில் நுரையை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்திவரும் அனுபவத்தில், அந்தப் பாதி எது என்பதைப் பிரித்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். நிறுவனப் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. மருந்தும் அதன் செறிவும் ஒன்றாக இருக்கும்போது ஒரு டப்பாவுக்கும் இன்னொரு டப்பாவுக்கும் இடையே பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரபு காரணமாக உச்சியில் மெலியும் தலைக்கு இந்த நுரை உண்மையாகவே பயன் தருகிறது, ஆனால் சடையின் இழுவையைத் தளர்த்தாமல் நுரையை மட்டும் நம்புகிறவர்களுக்கு அது பணத்தையும் காலத்தையும் விழுங்குவதோடு நின்றுவிடும்.

முதலில், சடைமுடியில் முடி இழப்பு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். யாருடைய தலையிலிருந்தும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. சீவும் முடியாக இருந்தால் அவை சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் தரையிலும் கிடந்து, எண்ணிக்கை கூடும்போது நம்மை எச்சரித்துவிடும். சடைமுடியில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. வேரை விட்டுக் கழன்ற முடி அதே சடைக்குள் பின்னிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. சடை திரண்டு தடிப்பாவதில் அப்படித் தங்கிய முடிக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே கையில் பிடித்துப் பார்க்கும்போது சடை நல்ல கனத்தோடு இருக்கும். அதைத் தாங்கி நிற்கும் உயிருள்ள முடிகளோ வேரில் பாதியாகக் குறைந்திருக்கும். கண்ணாடி முன் நின்று மொத்தத் தலையைப் பார்த்தால் எதுவும் புலப்படாது. பக்கத்துப் பக்கத்துச் சடைகள் இரண்டை விலக்கி, நடுவில் தெரியும் வகிட்டையும் ஒவ்வொரு சடையும் புறப்படும் சிறு கட்டத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கட்டத்தின் ஓரங்களில் முடி இல்லாமல் நடுவில் மட்டும் ஒரு மெல்லிய கொத்து நின்றால், சடையின் தண்டு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அந்த இடம் மெலிந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். மாதத்துக்கு ஒரு முறை அதே வகிடுகளை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வைப்பதைத் தவிர, இந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று அறிவதற்குச் சடைமுடிக்காரர்களுக்கு வேறு வழி இல்லை.

அடுத்தது, எந்த இழப்புக்கு இந்த நுரை என்ற கேள்வி. டப்பாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சடைமுடிக்காரர்களின் தலையில் இரண்டு வகை இழப்புகள் பெரும்பாலும் கலந்தே வருகின்றன. ஒன்று இழுவையால் வருவது. தோல் மருத்துவத்தில் ட்ராக்‌ஷன் அலோபீசியா என்பார்கள். கிரீன்லாந்தில் முடியை இறுக்கிக் கட்டி வந்த பெண்களின் நெற்றியோரத்தில் இது 1907-இலேயே விவரிக்கப்பட்டது. சடையின் கனமும், அடியை அடிக்கடி முறுக்கும் பழக்கமும், மொத்தச் சடைகளையும் தூக்கி உச்சியில் கொண்டையாகக் கட்டுவதும் சேர்ந்து நெற்றியோரத்திலும் நெற்றிப்பொட்டிலும் காதின் முன்புறத்திலும் மயிர்க்கால்களைத் தளர வைக்கின்றன. தொடக்கத்தில் முறுக்கிய இடத்தில் வலி, சிவப்பு, சிறுசிறு கொப்புளங்கள் தோன்றும். பிறகு நெற்றியின் விளிம்பில் மட்டும் மெல்லிய குட்டை முடிகள் ஒரு வரிசையாக எஞ்சி, அவற்றுக்குப் பின்னால் வெற்றிடம் தெரியும். இந்த நிலையில் இழுவையை நிறுத்தினால் முடி திரும்பி வர வாய்ப்பு உண்டு. அப்படியே ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் மயிர்க்கால் இருந்த இடம் தழும்பாகி, தோல் துளையே இல்லாமல் வழவழப்பாகிவிடும். அங்கே எந்த நுரையும் எதையும் முளைக்க வைக்காது.

இன்னொன்று மரபுவழி மெலிவு. ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலைகளிலும் உச்சியிலும், பெண்களுக்கு நடு வகிட்டை ஒட்டியும் மயிர்க்கால்கள் படிப்படியாகச் சிறுத்து, தடித்த முடி முளைத்த இடத்தில் பூனைமுடி முளைக்கத் தொடங்கும். சடை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வரவே செய்யும்; ஆனால் இப்படிச் சிறுத்த மயிர்க்காலின் மேல் ஒரு நீண்ட சடையின் எடையும் ஏறும்போது இழப்பு வேகமாகிவிடுகிறது. மினாக்ஸிடிலுக்கு ஒப்புதல் கிடைத்திருப்பது இந்த இரண்டாவது வகைக்குத்தான். முடியை இறுக்கமாகப் பின்னுவதாலோ இழுத்துக் கட்டுவதாலோ வந்த இழப்புக்கு இது உரியது அல்ல என்று பெண்களுக்கான பொதியின் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தோல் மருத்துவர்கள் சிலர் இழுவையை நிறுத்தியபின் துணை மருந்தாக இதை எழுதித் தருவதுண்டு. ஆனால் அது நிறுத்திய பிறகு, நிறுத்துவதற்குப் பதிலாக அல்ல.

இவற்றைத் தவிர வேறு சில நிலைகளும் உள்ளன. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீர் எடைக்குறைப்பு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலை முழுவதும் கொத்தாக உதிர்வது தானாகவே சரியாகக்கூடியது. உச்சியின் நடுவில் தொடங்கி வட்டமாக வெளியே பரவி, எரிச்சலும் அரிப்பும் தொட்டால் வலியும் கொண்ட ஒரு தழும்பு வகை இழப்பு ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்கு அழற்சியை அடக்கும் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். நுரையைத் தடவிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அங்கே திரும்பப் பெற முடியாத இழப்பு. ஆகவே உச்சியில் எரிச்சல் இருப்பவர்கள், திட்டுத் திட்டாக முடி போனவர்கள், வழவழப்பான தோலைக் காண்பவர்கள் இந்த மதிப்புரையை இங்கேயே வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். சடைகளைப் பார்த்ததுமே "முதலில் இதை வெட்டிவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வகிடுகளைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை உள்ளவரைத் தேடிப் போவது வீண் அலைச்சல் ஆகாது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மினாக்ஸிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக 1979-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதை உட்கொண்டவர்களுக்கு உடலில் முடி அடர்ந்து வளர்ந்ததைக் கவனித்தே தலையில் தடவும் வடிவத்தை உருவாக்கினார்கள். 2 சதவீதக் கரைசலுக்கு 1988-இலும், 5 சதவீத நுரைக்கு ஆண்களுக்காக 2006-இலும் பெண்களுக்காக 2014-இலும் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இது மயிர்க்காலின் ஓய்வுக் காலத்தைச் சுருக்கி வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது. தோலில் உள்ள ஒரு நொதி இதை வேறு வடிவத்துக்கு மாற்றிய பிறகே வேலை தொடங்குகிறது. அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு எவ்வளவு ஒழுங்காகத் தடவினாலும் பலன் குறைவாகவே இருக்கும். எனவே அடுத்தவருக்கு முளைத்தது உங்களுக்கு முளைக்காமல் போனால் அது உங்கள் கவனக்குறைவு ஆகாது.

இனி, சடைகளுக்கு நடுவே இதைத் தடவுவது எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். பொதியில் உள்ள குறிப்பு எளிமையானது: அரை மூடி நுரை, ஆண்களுக்கு நாளுக்கு இரு முறை, பெண்களுக்கு ஒரு முறை. குட்டை முடிக்காரர் அதை உள்ளங்கையில் எடுத்து உச்சியில் தேய்த்துவிட்டுப் போய்விடலாம். சடைமுடியில் அப்படிச் செய்தால் மருந்தில் பெரும்பகுதி தோலைத் தொடுவதே இல்லை. சடைகள் பஞ்சைப் போல அதை உறிஞ்சிக்கொள்ளும். நுரை உடல் சூட்டில் சட்டென்று உருகிவிடக்கூடியது என்பதால் விரல்களைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். நான் நுரையைக் கையில் எடுக்காமல் ஒரு சிறிய பீங்கான் தட்டில் பீய்ச்சிக்கொள்கிறேன். இடது கையால் இரண்டு சடைகளை விலக்கிப் பிடித்து, வலது கை விரல் நுனியில் ஒரு சிட்டிகை அளவு நுரையை எடுத்து, சடையின் அடிக்கொத்தைத் தொடாமல் வகிட்டின் தோலில் வைத்து அழுத்துகிறேன். தேய்ப்பதில்லை. தேய்த்தால் அங்கே புதிதாக முளைக்கும் பூனைமுடிகள் சடையோடு சிக்கிக்கொள்ளும். ஒரு வரிசை முடிந்தபின் அடுத்த வரிசை என்று உச்சி முழுவதும் போக வேண்டும். குட்டை முடிக்காரர் ஒரு நிமிடத்தில் முடிப்பதற்குச் சடைமுடிக்காரருக்குக் கால் மணி நேரம் தேவைப்படும். தட்டில் உள்ள நுரை அதற்குள் நீர்த்துப் போகத் தொடங்கும் என்பதால் இரண்டு பகுதியாகப் பீய்ச்சிக்கொள்வது நல்லது. அளவைக் கூட்டினால் பலன் கூடாது. பக்க விளைவுதான் கூடும். எனவே சடை உறிஞ்சியதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் என்று கை நீளும்போது கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சொட்டுக்குழலோடு வரும் கரைசலையும் பயன்படுத்திப் பார்த்தேன். தோலைச் சென்றடைவது என்ற ஒன்றில் மட்டும் பார்த்தால் கரைசலே மேல். குழலின் முனையை வகிட்டின் மேல் வைத்து இழுத்தால் மருந்து நேராகத் தோலில் இறங்குகிறது. சிறிய சடைகள் நெருக்கமாக அமைந்த தலைக்கு இது பெரிய வசதி. ஆனால் கரைசலில் சேர்க்கப்படும் ப்ரொப்பிலீன் கிளைக்கால் பலருக்கு அரிப்பையும் செதிலையும் உண்டாக்குகிறது, எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. சடைமுடிக்காரருக்கு அரிப்பு சாதாரணத் தொல்லை அல்ல. சொறியும் ஒவ்வொரு முறையும் நகம் சடையின் அடியைத்தான் பிடித்து இழுக்கிறது. அதோடு கரைசல் காய்வதற்கு நெடுநேரம் ஆகிறது, நெற்றியில் வழிகிறது, சடையின் அடியை விறைப்பாக்குகிறது. நுரையில் அந்தப் பொருள் கிடையாது என்பதாலேயே நான் நுரைக்கு மாறினேன். தோல் ஒத்துக்கொள்கிறவர்களும் நெருக்கமான சடைகள் கொண்டவர்களும் கரைசலை வாங்கலாம். பெரிய கட்டங்களில் அகன்ற வகிடுகள் உள்ளவர்களுக்கும் எளிதில் அரிப்பு வரும் தோல் உள்ளவர்களுக்கும் நுரைதான் ஏற்றது.

நுரைக்கும் ஒரு குறை உண்டு, சடைமுடிக்காரர்கள் பயப்படும் அந்தப் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. நுரை நிற்பதற்காக அதில் சீட்டைல் ஆல்கஹால், ஸ்டீரைல் ஆல்கஹால் என்ற மெழுகுத் தன்மையுள்ள பொருள்களைச் சேர்க்கிறார்கள். இவை காய்ந்தபின் சடையின் அடியில் வெளிறிய படிவாகத் தங்கும். சில வாரங்களில் அது பொடுகைப் போலத் தெரியும். பொடுகு என்று நினைத்துக் கூடுதலாகச் சொறிகிறவர்களும் உண்டு. சடை முறுக்கப் பயன்படும் ஜெல்லோடு இது கலந்தால் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு சடைக்குள் இறங்கிவிடும். ஆகவே நுரை பயன்படுத்தும் காலத்தில் ஜெல்லை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். சடை மெழுகைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அது எப்போதும் வேண்டாத பொருள். வாரம் ஒரு முறை, நிறமோ எண்ணெயோ சேராத தெளிந்த ஷாம்புவை நீரில் கலந்து நீண்ட மூக்குள்ள குப்பியில் ஊற்றி, வகிடு வகிடாகச் செலுத்தி விரல் நுனியால் அழுத்திக் கழுவி, நீர் தெளிவாக ஓடும்வரை அலசினால் படிவு போய்விடுகிறது. இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் போவதில்லை. கழுவிய நாளில் தோல் நன்றாகக் காய்ந்த பிறகே நுரையைத் தடவ வேண்டும். நீண்ட சடைகள் காயப் பல மணி நேரம் ஆகும் என்பதால் காலையில் கழுவுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். இரவில் தடவுகிறவர்கள் படுப்பதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பே தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி வளரும். சடைகள் முகத்தின் மேல் விழுந்து கிடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

பலனைப் பற்றிப் பேசும்போது பொறுமை வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வது இந்த மருந்தின் இயல்பு. ஓய்வில் இருந்த பழைய முடிகளைப் புதியவை தள்ளுவதால் அது நடக்கிறது. சீவும் முடிக்காரர் அதைக் கண்ணால் பார்த்துப் பதறுவார். சடைமுடியில் அந்த முடிகள் வெளியே விழாமல் சடைக்குள் தங்கிவிடுவதால், ஒரு நாள் சடையின் அடியைத் தொடும்போது அது முன்பைவிட மெலிந்து, தளர்ந்து இருப்பது மட்டும் தெரியும். என் உச்சியில் இரண்டு சடைகள் அப்படி ஆயின. அப்போது மருந்தை நிறுத்திவிடத்தான் தோன்றும். நிறுத்தாமல் இருப்பதே சரி. நான்கு மாதத்துக்கு முன் எந்த முடிவும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு என் படங்களில் உச்சியின் வகிடுகள் குறுகத் தொடங்கியது தெரிந்தது. சடைகளைச் சுற்றி, முதலில் நிறமற்ற பூனைமுடிகளாக, பிறகு சற்றுக் கறுத்துத் தடித்த குட்டை முடிகளாக ஒரு வளர்ச்சி வந்தது. பழைய அடர்த்தி முழுவதும் திரும்பவில்லை. திரும்பும் என்று இந்த மருந்தை யாரும் வாங்கக் கூடாது. ஆனால் வெளிச்சத்துக்குக் கீழே தோல் தெரிந்த இடங்களில் இப்போது முடி இருக்கிறது.

இந்தப் புதிய முடிகளை என்ன செய்வது என்பதில்தான் சடைமுடிக்காரரின் பலன் நிலைப்பதும் கெடுவதும் இருக்கிறது. அவை எந்தச் சடையிலும் சேராதவை. சடைகளின் அடியில் சிலிர்த்துக்கொண்டு நின்று தலையை ஒழுங்கற்றதாகக் காட்டும். சடை பராமரிப்பாளர் யாரிடம் போனாலும் அவற்றைச் சுற்றியுள்ள சடையோடு முறுக்கிவிடவோ குரோஷே ஊசியால் உள்ளே இழுத்துவிடவோ முன்வருவார். அவருடைய கண்ணுக்கு அது சுத்தம். ஆனால் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், இன்னும் வேர் உறுதிப்படாமல் நிற்கும் முடியை ஒரு முழுச் சடையின் எடையோடு பிணைப்பது, மருந்து கொடுத்ததை அதே நாளில் பிடுங்குவதற்குச் சமம். சடையின் நுனியை அதன் அடி வழியாகவே நுழைத்து இறுக்கும் முறை இன்னும் மோசமானது; அது மெல்லிய முடிகளை வேரிலேயே அறுத்துவிடும். புதிய முடிகளை விரல் நீளம் வளரும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும். அவற்றில் பல தாமாகவே அருகிலுள்ள சடையோடு சேர்ந்துகொள்கின்றன. முறுக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு, உள்ளங்கையால் மென்மையாக, உச்சியையும் நெற்றியோரத்தையும் தவிர்த்துவிட்டுச் செய்யச் சொல்லலாம். முறுக்கி முடித்தபின் வலித்தால், கண்ணின் ஓரம் இழுபட்டால், அன்றே தளர்த்திவிட வேண்டும்.

மருந்து எதுவும் தொட முடியாத ஒரு சிக்கலும் இருக்கிறது. முடி மெலிந்த காலத்தில் உருவான சடைப்பகுதி மெலிந்ததாகவே இருக்கும். அதற்குக் கீழே எவ்வளவு அடர்த்தியாக முளைத்தாலும் அந்த மெல்லிய கழுத்து தடிக்காது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால், இன்று வேரில் இருக்கும் கழுத்து ஒரு வருடத்தில் தோலிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதற்கு அப்பால் உள்ள சடை முழுவதையும் அந்த ஒரு இடம் தாங்கிக்கொண்டிருக்கும். சடை கழுவும்போது இன்னும் கனக்கும். முடியிழை மட்டுமே தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீரை உறிஞ்சக்கூடியது, இழைகளுக்கு இடையே தங்கும் நீர் அதற்கு மேல். சடை அறுந்து கையோடு வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இதற்கு நான் கண்ட தீர்வு சடைகளின் நீளத்தைக் குறைத்தது. மனத்துக்குக் கடினமான வேலைதான். பல வருட வளர்ச்சியைக் கத்தரியின் முன் வைப்பதற்கு யாருக்கும் கை வராது. ஆனால் வெட்டிய நாளில் உச்சியில் ஏற்பட்ட தளர்ச்சியை எந்த மருந்தும் எனக்குத் தந்ததில்லை.

மெலிந்த இரண்டு சடைகளை ஒன்றாக இணைத்துவிடலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். இணைத்தபின் சடை தடிப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் இரண்டு முழு நீளச் சடைகளை அப்படியே இணைத்தால் இரண்டின் எடையும் அப்படியே இருக்கிறது, மயிர்க்கால்களின் எண்ணிக்கையும் கூடவில்லை. போதாததற்கு, இரண்டு வேர்களும் ஒன்றை நோக்கி மற்றொன்று பக்கவாட்டில் இழுபடும். இரண்டில் ஒன்றை இணைப்புக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டு, மீதமுள்ள ஒன்றின் எடையை இரண்டு வேர்களும் பகிரும்படி இணைத்தால் மட்டுமே இந்த முறையில் பலன் உண்டு. மெல்லிய கழுத்தைச் சுற்றிக் கூடுதல் முடி வைத்துப் பின்னுவதும் தோற்றத்துக்கே உதவும். வேருக்கு அது கூடுதல் சுமை.

நெற்றிப்பொட்டில் என் நிலை வேறு. அங்கே வந்த இழப்பு இழுவையால் வந்தது என்பது தெளிவாகத் தெரிந்ததால், முன்வரிசைச் சடைகளைக் குட்டையாக்கி, கொண்டை போடுவதை நிறுத்தி, தூங்கும்போது சடைகள் தோளுக்குக் கீழே சிக்காதபடி தளர்வான சாட்டின் உறைக்குள் இட்டு வந்தேன். நுரையை அங்கே தடவவில்லை. இடப்பக்கம் விளிம்பில் முடி திரும்பியிருக்கிறது. வலப்பக்கம் ஒரு சிறு பகுதியில் தோல் வழவழப்பாகவே இருக்கிறது, அது திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உச்சிக்கு நுரையும் ஓரத்துக்குத் தளர்வும் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்ததால்தான் எது எதற்குப் பயன்பட்டது என்று உறுதியாக எழுத முடிகிறது.

எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 18 வயது நிரம்பாதவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். படபடப்பு, தலைசுற்றல், கை கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நுரை எளிதில் தீப்பற்றக்கூடியது. தடவிய தலை காயும்வரை விளக்கு, அடுப்பு, சிகரெட் எதற்கும் அருகில் போகக் கூடாது, முகத்துக்கு முன்னால் தொங்கும் சடைகள் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். வீட்டில் பூனை இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மினாக்ஸிடில் பூனைக்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு. தலையணை உறையை நக்கினாலும், தொங்கும் சடையோடு விளையாடினாலும் ஆபத்துதான்.

இதே அலமாரியில் சடைமுடிக்காரருக்கென்று விற்கப்படும் மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. வேரை வலுப்படுத்தும் என்று எழுதப்பட்ட எண்ணெய்கள் தோலின் வறட்சியைக் குறைக்கின்றன, அவ்வளவே. நுரையோடு சேர்த்துத் தடவினால் படிவைக் கூட்டுகின்றன. பயோட்டின் மாத்திரைகள் அந்தச் சத்துக் குறைபாடு உள்ளவர்களுக்கே தேவைப்படுபவை, அப்படிப்பட்டவர்கள் மிக அரிது. அதிக அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது; மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் பரிசோதனையும் அவற்றில் ஒன்று. அந்தப் பணத்துக்கு இரும்புச் சத்தும் தைராய்டும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நூறு மடங்கு பயனுள்ளது.

நுரையை நிறுத்தினால் அது காத்து வைத்த முடி சில மாதங்களில் போய்விடும் என்பதையும் வாங்குவதற்கு முன் அறிந்திருக்க வேண்டும். சடைமுடிக்காரருக்கு அதன் பொருள், சடையில் இன்னொரு மெல்லிய கழுத்து. நெடுங்காலம் தொடர முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் தொடங்குங்கள். நான் தொடர்கிறேன். தயாரிப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு: டப்பாவின் தலையில் உள்ள அகன்ற குமிழை வைத்து வகிட்டைத் தொட வழியில்லை. கரைசல் குப்பிக்கு ஒரு சொட்டுக்குழல் வைக்கத் தெரிந்தவர்கள், நுரை டப்பாவுக்கும் வகிட்டுக்குள் நுழையும் அளவுக்கு ஒடுங்கிய, நீண்ட மூக்கு ஒன்றைத் தனியாகவாவது தர வேண்டும்.